மருந்தும் தொடரட்டும், பிள்ளையும் எடுக்கலாமா?

"ஒரு புள்ளய எடுத்து வளங்க, அல்லாஹ் ஒங்களுக்கும் தருவான்."

கெலிஓயாவில் கல்யாணமாகி நாலைந்து வருடமாகியும் பிள்ளையில்லாத பெண், இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. கோயிலுக்குப் போகிற குடும்பமென்றால் அல்லாஹ்வின் இடத்தில் முருகன் வருவான். விகாரைக்குப் போகிற பக்கத்து வீட்டு அம்மா இதையே சிங்களத்தில், புண்ணியம் என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வார். மூன்று சமூகமும் ஒரே கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஊரில் மூவரும் வாதமில்லாமல் ஒத்துப்போகிற விடயங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று: தத்தெடுத்தால் வயிறு திறக்கும்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவில், ஏ-5 வீதியும் மலையகத்துக்குப் போகும் ரயில் பாதையும் ஊடறுக்கும் ஊர் இது. பேராதனை போதனா வைத்தியசாலைக்கும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் ஒரே பஸ்ஸில் போய்விடலாம். மத்திய மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் இருப்பதும் கண்டியில்தான். கருத்தரிப்புச் சிகிச்சையும் தத்தெடுப்பும் இப்படி ஒரே பஸ் பாதையில் இருந்தாலும், ஒன்றில் வரிசையில் நிற்பவருக்கு மற்றதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் கல்யாண வீட்டு மாமிமார்தான்.

அவர்கள் சொல்வது உண்மையா என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இதே நம்பிக்கை அமெரிக்காவிலும் வேரூன்றியிருந்தது. கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் ரொக் 1965இல் தன் சகாக்களோடு இதை ஆராய்ந்தார். 1979இல் லாம், லியூர்கன்ஸ் என்ற இருவர் மீண்டும் ஆராய்ந்தார்கள். பிள்ளை எடுத்த தம்பதிகளையும் எடுக்காத தம்பதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தத்தெடுத்ததால் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடியதாகத் தெரியவில்லை. அப்படியானால் நமக்குத் தெரிந்த அந்தக் கம்பளைக் குடும்பம், அந்த அக்குறணைக் குடும்பம்? காரணம் கண்டுபிடிக்க முடியாத குழந்தையின்மை உள்ள தம்பதிகளில் ஒரு பகுதியினருக்கு, சிகிச்சையை விட்ட பிறகும் தானாகக் கரு தங்குகிறது. அவர்கள் பிள்ளை எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் தங்கியிருக்கும். எடுத்த பிறகு பிறந்த வீட்டின் கதை ஊர் சுற்றும். எடுத்த பிறகும் பிறக்காத வீட்டில் சொல்வதற்குக் கதையே கிடையாது.

நம்பிக்கை பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராசிக்காக வந்த பிள்ளை இரண்டு விதமாகவும் மாட்டிக்கொள்கிறது. பின்னால் வயிற்றில் ஒன்று உண்டானால், வந்த வேலை முடிந்த பிள்ளை அது. உண்டாகாவிட்டால் ராசியில்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வரவு குறைந்தாலும், வாலிபத்தில் எதிர்த்துப் பேசினாலும், யாராவது ஒரு பெரியம்மா முதல் நாள் கணக்கை எடுத்து வைப்பார்.

ஊசிகளின் கணக்கு

இலங்கையில் இந்தப் பயணத்தின் முதல் சாட்சி டொக்டர் அல்ல, மிட்வைஃப். தன் பிரிவில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் தகுதியுள்ள குடும்பப் பதிவேட்டில் எழுதி வைத்து, வீடு வீடாகப் போகிறவர் அவர். புதுத் தம்பதியிடம் ருபெல்லாத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதும், வருடம் கடந்தும் ஒன்றுமில்லை என்றால் கிளினிக்குக்கு அனுப்புவதும் அவரே. உலக சுகாதார நிறுவனம் 12 மாதக் கணக்கு வைத்திருக்கிறது: கருத்தடை எதுவுமில்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் சோதிக்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போகச் சொல்கிறார்கள் வைத்தியர்கள். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் வயதுவந்தோரில் சுமார் 17.5 வீதத்தினர், அதாவது ஆறில் ஒருவர், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார்கள்.

சேர்ந்து வாழ்ந்த மாதங்கள் என்பதில் நம் ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாப்பிள்ளை கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். கல்யாணமாகி ஐந்து வருடம் என்று ஊர் எண்ணும். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தையின்மை என்ற பெயரே பொருந்தாது, ஆனால் மலடிப் பட்டம் மட்டும் வந்து சேர்ந்துவிடும். லீவு முடிவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஓடி, தேவையில்லாத மருந்துகளில் விழுந்த பெண்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று, ஆணின் சோதனை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. சோதனைகளிலேயே மலிவானதும் வலியில்லாததும் விந்துப் பரிசோதனைதான். ஆனாலும் அது கடைசியாகத்தான் செய்யப்படுகிறது, சில வீடுகளில் செய்யப்படுவதே இல்லை. மனைவி கருப்பைக் குழாய் எக்ஸ்ரே, லப்பரஸ்கோப்பி வரை போய் வந்திருப்பார். கணவர் அந்தச் சிறு போத்தலைக் கையில் வாங்க இன்னும் வெட்கப்படுவார்.

அடுத்த கட்டங்கள் பலருக்கும் தெரிந்தவை. முட்டை வளர மாத்திரை, பிறகு விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ., பிறகு ஐ.வி.எஃப். கடைசியாகச் சொன்னது இலங்கையில் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது, கைக்காசுதான். பத்துப் பன்னிரண்டு நாள் ஹோர்மோன் ஊசி, முட்டை எடுத்தல், ஆய்வுகூடத்தில் கரு, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் கருப்பைக்குள் வைத்தல், பிறகு சுமார் இரண்டு வாரம் காத்திருந்து ஓர் இரத்தப் பரிசோதனை. நகையை அடகு வைப்பவர்கள் உண்டு, காணியை விற்றுச் சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. வெற்றி வீதம்? சுவரொட்டிகளில் இருப்பதை விடுங்கள். எல்லா மருத்துவமனைகளின் முடிவுகளையும் கட்டாயமாகச் சேகரிக்கும் பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்பின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில், சொந்த முட்டையைக் கொண்டு வைக்கப்பட்ட ஒவ்வொரு கருவுக்கும் உயிரோடு பிள்ளை பிறந்த வீதம், 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் 32. நாற்பத்து மூன்றைத் தாண்டினால் ஐந்துக்கும் கீழே. நன்றாக நடக்கிற நாட்டில், நல்ல வயதில், மூன்றில் ஒன்று!

தத்தெடுக்கலாமா என்ற கேள்வி வீட்டுக்குள் மெல்ல எழுவது, முதலாவதோ இரண்டாவதோ சுற்றுத் தோற்ற பிறகுதான். பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் எழும். மற்றவரிடம் சொல்லப் பயம். சொன்னால் நம்பிக்கையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். சிகிச்சை தருகிறவர்களும் இதைப் பேசுவதில்லை. அடுத்த சுற்றைப் பற்றிப் பேச அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, நிறுத்துவதைப் பற்றிப் பேச இல்லை. முதல் ஊசிக்கு முன்பே, எத்தனை சுற்று, எவ்வளவு காசு, எந்த வயது வரை என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிற டொக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பால் உறவு

முஸ்லிம் தம்பதிகளுக்குச் சிகிச்சையின் எல்லை ஓரளவு தெளிவாகவே வரையப்பட்டிருக்கிறது. 1980 மார்ச்சில் எகிப்தின் அல்-அஸ்ஹர் வழங்கிய ஃபத்வா, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் கொண்டு, திருமண பந்தம் இருக்கும்போது செய்யும் சோதனைக் குழாய் முறையை அனுமதித்தது. மூன்றாம் ஆளின் முட்டையோ விந்தோ கூடாது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட அறிவுறுத்தலில் முறையையே ஏற்கவில்லை. ஆக, தானமாகப் பெறும் முட்டைதான் இனி வழி என்று டொக்டர் சொல்கிற நாளில், இந்துத் தம்பதி மேற்கொண்டு யோசிக்கலாம். ஸுன்னி முஸ்லிம் தம்பதிக்குச் சிகிச்சை பெரும்பாலும் அங்கே முடிந்துவிடுகிறது. பிள்ளை எடுப்பது பற்றிய பேச்சு அவர்கள் வீட்டில் சீக்கிரமே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அங்கே வேறு கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. அநாதையை வளர்ப்பது பெரும் நன்மை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வளர்ப்பவரின் பெயரைத் தகப்பன் பெயராகப் போடுவதுதான் கூடாது. பிள்ளையின் வம்சம் மறைக்கப்படக்கூடாது. வளர்ந்த பெண் பிள்ளை வாப்பாவின் முன்னால் முக்காடு போட வேண்டுமா, வளர்ந்த பையன் உம்மாவுக்கு அந்நிய ஆணா என்ற கேள்விகள் பத்துப் பன்னிரண்டு வயதில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு மார்க்கத்துக்குள்ளேயே விடை இருக்கிறது: பால் உறவு. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, பிள்ளைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் ஐந்து தடவை பால் கொடுத்தால் கொடுத்தவர் பால்குடித் தாய். திருமணம் விலக்கப்பட்ட உறவு உண்டாகிவிடும். வளர்க்கும் பெண்ணே கொடுக்க முடியாவிட்டால் குடும்பத்தில் ஒருவர் கொடுக்கலாம். யார் கொடுப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஆண் பிள்ளையென்றால் மனைவியின் சகோதரி கொடுக்க வேண்டும். அப்போது மனைவி அவனுக்குப் பால்வழிச் சாச்சி அல்லது பெரியம்மா. பெண் பிள்ளையென்றால் கணவனின் சகோதரி கொடுக்க வேண்டும்; அப்போது கணவன் அவளுக்குப் பால்வழி மாமா. மாற்றிக் கொடுத்தால் நினைத்த பயன் கிடைக்காது. பிரசவிக்காத பெண்ணுக்கும் வைத்திய ஆலோசனையோடு மருந்தும் பம்பும் கொண்டு பால் சுரக்கச் செய்ய முடியும் என்பது மலேசிய முஸ்லிம் தாய்மாரிடையே வெளிப்படையாகப் பேசப்படும் விடயம். கருத்தரிப்புச் சிகிச்சையிலிருந்து அப்போதுதான் விலகிய பெண்ணின் உடம்பில் ஏற்கனவே எத்தனையோ ஹோர்மோன் ஏறி இறங்கியிருக்கும். ஆகவே சிகிச்சை தந்த டொக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மௌலவியிடமும் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இரண்டு வயது கடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு தெருவில் நான்கு சட்டம்

பிள்ளையை எடுத்தாயிற்று, வளர்த்தாயிற்று, வாப்பா மௌத்தாகிவிட்டார். வீடு யாருக்கு? கெலிஓயாவில் இந்தக் கேள்விக்குப் பதில், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். பழைய வழக்கில், எடுக்கும் பிள்ளை அதே சாதியாக இருக்க வேண்டும், தன் வாரிசு இவன்தான் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஊரறியச் சொன்னால் போதாது, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுத வேண்டும் என்றது. முஸ்லிமுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைச் சட்டம். வளர்ப்புப் பிள்ளைக்கு ஷரீஅத்தில் பங்கில்லை. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாக, அதாவது நன்கொடையாகக் கொடுக்கலாம், அல்லது மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் என்ற மரணசாசனம் எழுதலாம். மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம்; அதற்கு அடியிலிருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில் தத்து என்ற ஏற்பாடே இருக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வந்து இந்தப் பக்கம் வீடு கட்டிய யாழ்ப்பாணத்தவரைத் தேசவழமை இங்கேயும் விடாமல் தொடரும். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்த அந்த வழமையில் தத்தெடுப்புக்கு ஒரு சடங்கு இருக்கிறது. எடுக்கும் தம்பதி மஞ்சள் தண்ணீர் அருந்துவார்கள். அவர்களுக்குப் பின் சொத்துக்கு உரித்தாகக்கூடிய சகோதரங்கள் ஒப்புக்கொண்டால் அதில் விரலை நனைப்பார்கள். நனைக்காதவரின் பங்கில் பிள்ளைக்குக் கை வைக்க முடியாது. காலத்தால் கைவிடப்பட்டதுதான். ஆனால் தத்தெடுப்பில் உண்மையான தகராறு எங்கிருந்து வரும் என்று அந்தக் கிழவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் தத்துப் பிள்ளையை நீதிமன்றத்துக்கு இழுப்பவர் பெற்ற தாயல்ல, கணவனின் தம்பிதான்.

இந்த நாலுக்கும் மேலாக எல்லோருக்கும் பொதுவாக நிற்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். எடுப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். பிள்ளை 14 வயதுக்குக் கீழே. பத்து வயது கடந்த பிள்ளையென்றால் அதன் சம்மதமும் வேண்டும். காசோ வேறு எந்த வெகுமதியோ கைமாறவில்லை என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். கட்டளை கிடைத்தால், சட்டத்தின் கண்ணில் அது அந்தத் தம்பதிக்கு முறையான மணத்தில் பிறந்த பிள்ளை. பதிவாளர் நாயகத்தின் தத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் ஏறி, சான்றிதழும் வரும். வம்சப் பெயர் காரணமாக இந்த வழி வேண்டாமென்று நினைக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு, 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுந்த ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்கும் நீதிமன்றக் கட்டளை என்று இன்னொரு வழியும் உண்டு. பெயர் மாறாது, பொறுப்பு மட்டும் வரும். இதை அறிந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு.

அக்கா பிள்ளை, ஆஸ்பத்திரிப் பிள்ளை

சட்டம் இப்படி இருக்க, நடப்பது வேறு. நம் பக்கத்தில் பிள்ளை எடுப்பதென்றால் அது பெரும்பாலும் சொந்தத்துக்குள்தான். அக்காவுக்கு நாலாவதும் பெண், தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. "நீ வச்சிக்கடி" என்று ஒரு வார்த்தை. காகிதம் எதற்கு, நமக்குள்ளேதானே? தோட்டங்களில் இது இன்னொரு விதமாக நடக்கும். தாய் மத்திய கிழக்குக்குப் போவார், பிள்ளை பெரியம்மாவிடம் தங்கும். ஒப்பந்தம் இரண்டு வருடம் நாலு வருடமாகும். திரும்பி வரும்போது பிள்ளைக்கு அம்மா வேறு. இரண்டு பேரும் அழுவார்கள், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும், யாரிடமும் காகிதம் இருக்காது. சிகிச்சையில் பல வருடம் போன ஒரு பெண்ணுக்கு இப்படி வந்த பிள்ளை இப்படியே போவதைவிடப் பெரிய இழப்பு எந்த ஊசியாலும் வராது. சொந்தத்துக்குள் எடுப்பது நல்ல வழிதான். ஆனால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவை அங்கேதான் மிக அதிகம்.

இதைவிட மோசமான வழியும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் "ஒரு பிள்ளை இருக்கிறது" என்று செய்தி வரும். பெற்றவள் கல்யாணமாகாத பெண், வயிற்றில் ஏழு மாதம், செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும். பிரசவத்துக்கு எடுப்பவளின் பெயரையே கொடுத்துவிட்டால் பிறப்புச் சான்றிதழும் நேரே கைக்கு வந்துவிடும். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது கடவுள் அனுப்பியதாகத்தான் தோன்றும். தண்டனைச் சட்டக் கோவை இதைக் குற்றம் என்கிறது. பிள்ளையை வாங்குவது விற்பது மட்டுமல்ல, பிறக்காத பிள்ளைக்காகக் கர்ப்பிணியிடம் காசு கொடுத்துச் சம்மதக் கடிதம் வாங்குவதும், பிறப்புப் பதிவைப் பொய்யாக்க விடுவதும் அதற்குள் வந்துவிடும். மொறட்டுவையில் கர்ப்பிணிகளைத் தங்கவைத்துச் சிசுக்களை விற்றதாக ஒரு கூட்டம் 2020 கடைசியில் பிடிபட்டது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வழியில் போன பிள்ளைகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று இந்த நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன பிள்ளைகள் ஏறக்குறைய 11,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. நெதர்லாந்தின் செம்ப்லா தொலைக்காட்சி நிகழ்ச்சி 2017இல் வெளிக்கொண்டு வந்த கதைகளில் ஒன்று, தாயாக நடிக்கக் கூலிக்கு அழைத்துவரப்பட்ட பெண்கள். பிள்ளைப் பண்ணைகள் இருந்ததை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் சுவிஸ் அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது, 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. இலங்கை 1992ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலேயே வெளிநாட்டவருக்கு வழியை இறுக்கிவிட்டது. இப்போது நடுத்தர வயதில் இருக்கும் அந்தப் பிள்ளைகள் உமிழ்நீரைப் போத்தலில் அனுப்பி டி.என்.ஏ. பொருத்தம் தேடுகிறார்கள்; மலைநாட்டுக் கிராமங்களில் கதவு தட்டுகிறார்கள். பலரின் கையிலிருக்கும் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரே பொய். அவர்களை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்ல. பிள்ளையில்லாத தம்பதிகள், அவசரப்பட்டவர்கள், காகிதத்தைப் புரட்டிப் பார்க்காதவர்கள்.

நேர்வழியும் அதன் நீளமும்

"சிறுவர் இல்லங்கள்ல நிறையப் பிள்ளைகள் இருக்கே, ஏன் காத்திருக்கணும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அநாதைகள் அல்ல. தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தகப்பனின் குடி, தாயின் வெளிநாட்டுப் பயணம் என்று ஏதோ ஒன்று அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட பிள்ளைகள் கொஞ்சம். அதிலும் எல்லோரும் கேட்பது கைக்குழந்தை. நோய் நொடியில்லாத, கொஞ்சம் வெள்ளையான கைக்குழந்தை. ஆறு வயதுப் பையனை யாரும் கேட்பதில்லை.

நாட்டுக்குள் எடுப்பவர்கள் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 13ஆவது திருத்தத்தோடு இந்த வேலை மாகாண சபைகளுக்குப் போய்விட்டது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். வருமானம், வீடு, உடல்நிலை, அயல், ஏன் எடுக்கிறீர்கள் என்ற கேள்வி எல்லாம் அவருடைய அறிக்கையில் வரும். பிறகு பொருத்தம், பிறகு நீதிமன்றம். மேல் வயது வரம்பு கட்டளைச் சட்டத்தில் எழுதப்படாவிட்டாலும், வயதும் ஆரோக்கியமும் கவனிக்கப்படாமல் போகாது. நாற்பத்து நாலு வயதில், ஐந்தாவது சுற்றுத் தோற்ற பிறகு முதல் தடவையாக அந்த அலுவலகப் படியேறுபவருக்குக் கைக்குழந்தை கிடைப்பது கஷ்டம்.

ஆகவே என் பதில் இது: சிகிச்சை நடக்கும்போதே தத்தெடுப்பைப் பற்றி விசாரிக்கலாம், விசாரிக்கத்தான் வேண்டும். சிகிச்சையில் இருப்பவர் விண்ணப்பிக்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சொந்தப் பிள்ளை இருப்பதும் தடையில்லை. போய்ப் படிவத்தை வாங்குங்கள், என்ன கேட்பார்கள் என்று கேளுங்கள், கணவனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் போய் வாருங்கள். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வரும்போது ஊசி நின்றிருக்க வேண்டும். பிரித்தானியாவில் பல தத்து முகவர் நிலையங்கள் சிகிச்சை முடிந்து ஆறு மாதமாவது போக வேண்டும் என்கின்றன. அந்த நாட்டு விதியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை; நம் வீட்டுப் பெரியவர்கள் நாற்பது நாள் துக்கம் காப்பதும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான். பிறக்காத பிள்ளைக்கான துக்கம் ஒன்று இருக்கிறது. அதை முடிக்காமல் வந்த பிள்ளையின் மடியில் இறக்கக்கூடாது.

நன்னடத்தை உத்தியோகத்தர் கேட்கும்போது சிகிச்சையை மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் சிலர் மறைக்கிறார்கள், குறையாகப் போய்விடும் என்று. பிள்ளையிடமும் மறைக்க வேண்டாம். விவரம் புரியாத வயதிலேயே, கதையோடு கதையாகச் சொல்லிவிடுங்கள். கெலிஓயா அளவுள்ள ஊரில் ரகசியம் தங்காது. பள்ளிக்கூட வானில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

கடைசியாக, இந்தப் பேச்சில் யாரும் தொடாத ஒன்று. ஐ.வி.எஃப். சுற்றில் மிஞ்சிய கருக்களைத் திரவ நைட்ரஜனில், மறை 196 பாகையில் உறைய வைத்திருப்பார்கள். வருடாவருடம் அதற்கொரு கட்டணம் வரும். தத்தெடுத்து, பிள்ளை நேர்சரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பில் வந்துகொண்டே இருக்கும். கட்டுவதா, கரைத்துவிடச் சொல்வதா, இன்னொரு தடவை முயல்வதா? முஸ்லிம் தம்பதிக்கு இன்னொரு விதியும் உண்டு: கணவன் இறந்தாலோ தலாக் நடந்தாலோ அந்தக் கருக்களைப் பயன்படுத்த முடியாது. இதைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே, உறைய வைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், கட்டணம் கட்டாவிட்டால் என்ன செய்வார்கள், ஒருவர் மட்டும் வேண்டாமென்றால் யார் சொல் செல்லும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த தம்பியையோ மச்சானையோ கூட்டிப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.